படித்துவிட்டு வார்டுக்கே திரும்பினேன்

ஜி.என்.எம். டிப்ளமோ முடித்த ஒரு நர்ஸையும் பி.எஸ்.சி. நர்சிங் பட்டம் முடித்த ஒரு நர்ஸையும் ஒரே ஐ.சி.யூ.வில் நைட் டூட்டிக்கு விட்டுப் பாருங்கள். படுத்திருக்கும் நோயாளிக்கும் சரி, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் சொந்தக்காரருக்கும் சரி, எந்த வித்தியாசமும் தெரியாது. இரண்டு பேருமே 'சிஸ்டர்'தான். இரண்டு பேரும் அதே ஐ.வி. லைன் போடுகிறார்கள், அதே வென்டிலேட்டர் அலாரத்துக்கு ஓடுகிறார்கள், காலையில் அதே ஹேண்ட் ஓவர் கொடுக்கிறார்கள். வித்தியாசம் தெரிவது வேறு இடங்களில். இன்சார்ஜ் பொறுப்புக்கு ஆள் பார்க்கும்போது தெரியும். சவூதிக்கு விண்ணப்பம் போடும்போது தெரியும்: பட்டம் இருந்தால் அங்கே 'ஸ்பெஷலிஸ்ட்', டிப்ளமோ என்றால் 'டெக்னீஷியன்'. எம்.எஸ்.சி. படிக்க ஆசை வந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். பட்டம் இல்லாமல் அந்தக் கதவு திறக்காது.

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் பல வருடம் ஐ.சி.யூ. நர்ஸாக இருந்தேன். முப்பது தாண்டிய பிறகு போஸ்ட் பேசிக் பி.எஸ்.சி. படிக்கப் போனேன். முடித்ததும் மறுபடி ஐ.சி.யூ.வுக்கே வந்துவிட்டேன். "அக்கா, போகலாமா வேண்டாமா? அதை மட்டும் சொல்லுங்க" என்று ஜூனியர் பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். போகலாம். முடிந்தால் கட்டாயம் போங்கள். ஆனால் படித்துவிட்டு எங்கே திரும்பி வரப்போகிறோம் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். அதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். 'போஸ்ட் பேசிக்' என்ற பெயரில் இரண்டு வகைப் படிப்பு உண்டு. ஒன்று போஸ்ட் பேசிக் பி.எஸ்.சி. நர்சிங். கல்லூரியில் முழுநேரம், இரண்டு வருடம். ஜி.என்.எம். முடித்து, மாநில கவுன்சிலில் நர்ஸாகவும் மிட்வைஃபாகவும் பதிவு செய்திருக்க வேண்டும். முடித்தால் பல்கலைக்கழகப் பட்டம். இன்னொன்று போஸ்ட் பேசிக் டிப்ளமோ. கிரிட்டிக்கல் கேர், ஆன்காலஜி, ஆபரேஷன் தியேட்டர், பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு என்று ஏதாவது ஒரு பிரிவில் ஒரு வருடப் பயிற்சி. அந்தப் பிரிவில் கை தேர்ந்துவிடும், ஆனால் அது பட்டம் ஆகாது. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்துப் பணம் கட்டிவிட்டுத் தவித்தவர்கள் உண்டு. வேலையை விடவே முடியாது என்பவர்களுக்கு இக்னோ பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்பு இருக்கிறது. மூன்று வருடம். பணியில் இருக்க வேண்டும், அனுபவம் வேண்டும், நுழைவுத் தேர்வு உண்டு, குறிப்பிட்ட மையங்களில் நேரடி வகுப்பும் செய்முறைப் பயிற்சியும் உண்டு.

இன்னொரு பாதையும் நம் ஊரில் ரகசியமாகப் பேசப்படுகிறது. "வரவே வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும், ரெக்கார்டு நாங்களே எழுதித் தருகிறோம்" என்று சில புரோக்கர்கள் வருவார்கள். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். பின்னால் வெளிநாட்டு வேலைக்குச் சான்றிதழ் சரிபார்க்கும்போது வகுப்பு எத்தனை மணி நேரம், கிளினிக்கல் எத்தனை மணி நேரம் என்று பிரித்துப் பிரித்துக் கேட்பார்கள். அதையெல்லாம் விடுங்கள். படிக்காமல் வாங்கிய பட்டத்தை வைத்துக்கொண்டு ஒரு நோயாளி முன்னால் நிற்பது நோயாளிக்குச் செய்யும் துரோகம். இதை நான் மென்மையாகச் சொல்ல விரும்பவில்லை.

இனி வீட்டு விஷயம். படிக்கப் போகும் நர்ஸுக்கு ஃபீஸைவிடப் பெரிய செலவு, இரண்டு வருடம் வராமல் போகும் சம்பளம். அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு சர்வீஸ் கேண்டிடேட்டாகப் போக வழி உண்டு. தனியாரில் இருப்பவர் ராஜினாமா கடிதம் எழுதிவிட்டுத்தான் போக வேண்டும், இல்லையென்றால் இரவில் டூட்டி, பகலில் வகுப்பு என்று உடம்பை உருக்க வேண்டும். அந்தச் சம்பளமும் என்ன சம்பளம்? 2016-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான சின்ன மருத்துவமனையில்கூட நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றது. 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசு நர்ஸுக்குச் சமமான சம்பளம் என்றது. இன்றும் அந்த இருபதாயிரத்தைப் பார்க்காத நர்ஸ்களை எனக்கு நேரில் தெரியும். இதில் எங்கே மிச்சம் பிடித்துப் படிப்பது? நான் நகையை வைத்துத்தான் முதல் வருட ஃபீஸ் கட்டினேன். என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்தான் இருந்தது.

பிள்ளைக்கு அப்போது பள்ளிக்கூடம் போகும் வயது. தயங்கித் தயங்கித்தான் அத்தையிடம் பேச்சை எடுத்தேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார்.

"எத்தன வருசம்?"

"ரெண்டு வருசம் அத்தை."

"முடிச்சா என்ன ஆவ?"

"பட்டம் வரும். சம்பளம் கொஞ்சம் கூடும். அதுக்கு மேலயும் படிக்கலாம்."

"சரி, போயிட்டு வா. பிள்ளைய நான் பாத்துக்கிறேன். ஆனா ராத்திரி டூட்டி, பகல்ல காலேஜுன்னு ஒடம்பக் கெடுத்துக்காத. அதுக்குப் படிக்காமயே இருக்கலாம்."

அந்த வார்த்தையை வைத்துத்தான் வேலையை விட்டேன். நர்ஸ் படிப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் கல்லூரி, கவுன்சில், தகுதி என்று எல்லாவற்றையும் பேசுகிறார்கள். வீட்டில் அடுப்பையும் பிள்ளையையும் ஏற்றுக்கொள்ள இன்னொரு பெண் இருந்தால்தான் இந்தப் படிப்பு நடக்கும் என்பதை யாரும் சொல்வதில்லை. அப்படி யாரும் இல்லாத கெட்டிக்கார நர்ஸ்கள் எத்தனையோ பேர் டிப்ளமோவோடு நின்றுபோயிருக்கிறார்கள். தகுதி இல்லாமல் நின்றவர்கள் இல்லை அவர்கள்.

கல்லூரிக்குள் போனால் வேறு உலகம். முதல் வருடத்தில் பயோகெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி, சைக்காலஜி, ஊட்டச்சத்து, மெடிக்கல் சர்ஜிக்கல், தாய் நலம், குழந்தை நலம். இரண்டாம் வருடத்தில் சோஷியாலஜி, சமுதாய சுகாதாரம், மனநலம், அப்புறம் நர்சிங் கல்வி, நிர்வாகம், ஆராய்ச்சியும் புள்ளியியலும். பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்த எனக்கு மெடிக்கல் சர்ஜிக்கல் பாடத்துக்கான புரூனர் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கமும் ஆரம்பத்தில் மலைதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் ஜி.என்.எம். முடித்த கையோடு வந்த சின்னப் பெண். அவளுக்கு ஆங்கிலம் வேகமாக ஓடும், எனக்கு வார்டு தெரியும். அவள் பாராவைப் படித்துச் சொல்வாள், அதே கேஸை நான் எங்கே பார்த்தேன் என்று சொல்வேன். இப்படியே இரண்டு பேரும் முதல் வருடத்தைத் தாண்டினோம். வயசு கூடிப் படிக்கப் போகிறவர்களுக்கு என் யோசனை இதுதான்: சின்னப் பிள்ளைகளோடு சேர்ந்து உட்காருங்கள், 'அக்கா'க்கள் எல்லாம் ஒரு மூலையில் தனியாகச் சேராதீர்கள்.

என்ன கற்றுக்கொண்டேன் என்று கேட்டால் ஒரு உதாரணம் சொல்கிறேன்.

ஐ.சி.யூ.வில் ஏ.பி.ஜி. என்னும் ரத்த வாயுப் பரிசோதனை எடுப்பது அன்றாட வேலை. மணிக்கட்டில் ரேடியல் ஆர்ட்டரியைத் தொட்டுப் பார்த்து, ஹெப்பாரின் நனைத்த சிரிஞ்சில் ரத்தம் எடுத்து, காற்றுக் குமிழியை வெளியேற்றி, மெஷினில் வைத்தால் பஸ் டிக்கெட் மாதிரி ஒரு சீட்டு வரும். அந்தச் சீட்டை எடுத்துக் கேஸ் ஷீட்டில் ஒட்டி, "சார், ஏ.பி.ஜி. வந்திருச்சு" என்று டாக்டரைக் கூப்பிடுவோம். பல வருடம் அப்படித்தான். பி.ஹெச். 7.35-லிருந்து 7.45, கார்பன் டை ஆக்சைடு 35-லிருந்து 45, பைகார்பனேட் 22-லிருந்து 26 என்ற நார்மல் அளவு எல்லா நர்ஸுக்கும் மனப்பாடம். அந்த மூன்று எண்ணும் ஒன்றோடொன்று என்ன பேசுகின்றன என்பதை மட்டும் யாரும் உட்கார வைத்துச் சொன்னதில்லை. பயோகெமிஸ்ட்ரி வகுப்பில் அதைப் பலகையில் எழுதி, நுரையீரல் எவ்வளவு சீக்கிரம் ஈடுகட்டும், சிறுநீரகம் ஏன் நாள்கணக்கில் எடுத்துக்கொள்ளும் என்று மேடம் விளக்கியபோது, நான் பார்த்த நோயாளிகள் ஒவ்வொருவராக ஞாபகத்துக்கு வந்தார்கள். அன்று நோட்டில் எழுதியதைவிட ஓரத்தில் எழுதிய படுக்கை எண்கள்தான் அதிகம்.

திரும்பி வந்த பிறகு ஒரு நைட் டூட்டி. வருடக்கணக்கில் பீடி குடித்து நுரையீரல் கெட்டுப்போன ஒரு பெரியவர். மூச்சுத் திணறலோடு வந்தவருக்கு வேறு இடத்தில் மாஸ்க் போட்டு ஆக்ஸிஜனை அதிகமாகத் திறந்து அனுப்பியிருந்தார்கள். மானிட்டரில் சாச்சுரேஷன் 99. மகன் முகத்தில் நிம்மதி, "நல்லாத் தூங்குறாரு சிஸ்டர்" என்றார். அவர் தூங்கவில்லை, கூப்பிட்டால் கண்ணைத் திறந்து உடனே மூடிக்கொண்டார். சீட்டில் பி.ஹெச். 7.25, கார்பன் டை ஆக்சைடு 78, பைகார்பனேட் 33. அந்த 33 ஒரு நாளில் வந்த எண் இல்லை. நெடுங்காலமாகவே அவர் உடம்பில் கார்பன் டை ஆக்சைடு தங்குகிறது, சிறுநீரகம் பழகிப்போய் ஈடுகொடுத்து வந்திருக்கிறது, இப்போது அதற்கும் மேல் ஏறிவிட்டது என்று அந்த எண் சொல்கிறது. இப்படிப்பட்டவருக்கு ஆக்ஸிஜனை அள்ளிக் கொடுத்தால் மானிட்டர் அழகாகக் காட்டும், உள்ளே கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டே போகும். 88-லிருந்து 92-க்குள் சாச்சுரேஷன் நின்றால் போதும்.

டூட்டி டாக்டரைக் கூப்பிட்டேன். "சார், சி.ஓ.பி.டி. பேஷன்ட், டிரௌசியா இருக்கார். சாச்சுரேஷன் 99-ல ஓடுது. சி.ஓ.டூ. 78, பி.ஹெச். 7.25, பைகார்ப் 33. ஆக்ஸிஜனைக் குறைச்சு 88-92-ல வெச்சுக்கட்டுமா? என்.ஐ.வி. ரெடி பண்றேன்."

"பண்ணுங்க சிஸ்டர், இதோ வரேன்" என்றார்.

அவர் வருவதற்குள் மாஸ்க் வழியே மூச்சுக்கு உதவும் அந்த என்.ஐ.வி. மெஷின் பக்கத்தில் இருந்தது, மாஸ்க் அளவு பார்த்தாகிவிட்டது. விடியும்போது பெரியவர் மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இதில் நான் டாக்டர் வேலை எதையும் செய்யவில்லை. நர்ஸ் வேலையைத்தான் முழுதாகச் செய்தேன். படிப்பு கொடுத்தது அந்த முழுமையை.

மறுபடி கல்லூரிக்கு வருகிறேன். இரண்டாம் வருடம் சமுதாய சுகாதாரப் போஸ்டிங். மேலூர் பக்கம் ஒரு கிராமம். கிராம சுகாதாரச் செவிலியரோடு வீடு வீடாகப் போனோம். ஊரில் அவரை 'நர்சம்மா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஒரு பாட்டிக்குச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறார். ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் கொடுக்கும்போது நாங்கள் எல்லோரும் சொல்லும் வாக்கியம், "இன்சுலினை ஃபிரிட்ஜ்ல வைங்கம்மா." அந்த வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. நர்சம்மா சொல்லிக்கொடுத்தபடி, பெரிய மண்சட்டிக்குள் ஈரமணல் போட்டு, அதற்குள் சின்னக் கலயம் வைத்து, இன்சுலின் பாட்டிலை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் மூடிக் கலயத்துக்குள் இறக்கியிருந்தார் பாட்டி. காலையும் மாலையும் மணலில் தண்ணீர் தெளிப்பாராம். மதுரை வெயிலில் வெளியே வைத்தால் மருந்தின் வீரியம் போய்விடும், ஈரமணல் சட்டிக்குள் பாதுகாப்பாக இருக்கும். இப்போது டிஸ்சார்ஜ் சமயத்தில் நான் முதலில் கேட்பது "வீட்ல ஃபிரிட்ஜ் இருக்காம்மா?" என்றுதான். ஐ.சி.யூ.வுக்குள்ளேயே இருந்திருந்தால் அந்தச் சட்டியை நான் பார்த்திருக்கவே மாட்டேன்.

ஆராய்ச்சிப் பாடத்தை எல்லோரும் பயந்து ஒதுக்குவார்கள். நர்ஸ் படிப்பதால் நோயாளிக்கு என்ன பலன் என்பதற்கு எனக்கு அதில்தான் பெரிய ஆதாரம் கிடைத்தது. அமெரிக்காவின் லிண்டா ஐக்கன் என்ற நர்ஸ் ஆராய்ச்சியாளர் 2003-ல் பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து, பட்டம் படித்த நர்ஸ்களின் பங்கு கூடக் கூட அறுவை சிகிச்சைக்குப் பின் இறப்பவர்கள் குறைகிறார்கள் என்று காட்டினார். 2014-ல் அவருடைய குழு 9 ஐரோப்பிய நாடுகளில், 300 மருத்துவமனைகளில், நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து மறுபடி பார்த்தது. பட்டம் படித்த நர்ஸ்களின் பங்கு 10 சதவீதம் கூடினால், 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் குறைவாக இருந்தது. அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது: ஒரு நர்ஸின் கையில் ஒரு நோயாளி கூடினால் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுதல். இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். படித்த நர்ஸை வைத்துக்கொண்டு மூன்று ஐ.சி.யூ. நோயாளிகளை அவள் தலையில் கட்டினால், படித்ததற்கு என்ன பலன்?

இந்த ஆய்வுகள் பேசுவது படுக்கை அருகில் நிற்கும் நர்ஸைப் பற்றி. பட்டச் சான்றிதழ் எந்தச் சுவரில் தொங்குகிறது என்பதைப் பற்றி இல்லை. இங்கேதான் எனக்குத் தீராத ஒரு ஆதங்கம்.

நம் ஊரில் நர்ஸ் படிக்கப் படிக்க நோயாளியை விட்டு விலகிப் போகிறாள். பட்டம் முடித்தால் "இனி எதுக்கு வார்டு? டியூட்டரா போயிடு" என்பார்கள். எம்.எஸ்.சி. முடித்தால் லெக்சரர். பிஹெச்.டி. முடித்தால் பிரின்சிபால். வார்டில் இருபது வருடம் நின்று, ஒரு நோயாளியின் முகத்தைப் பார்த்தே "இவருக்கு ஏதோ ஆகுது" என்று சொல்லத் தெரிந்தவளுக்கு, வார்டுக்குள்ளேயே உயர ஒரு ஏணி இல்லை. நைட் டூட்டி இல்லை, பண்டிகைக்கு லீவு உண்டு, மரியாதையும் கூடுதல் என்னும்போது போகிறவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. என் வகுப்புத் தோழிகள் பலர் அப்படிப் போனார்கள், நன்றாகவும் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆனால் நோயாளிக்கு நஷ்டம்.

1871-ல் சென்னைப் பொது மருத்துவமனையில் நர்ஸ் பயிற்சி தொடங்கியது. 1946-ல் டெல்லியிலும் வேலூரிலும் நர்சிங் பட்டப்படிப்பு வந்தது. பட்டம் என்பது நேற்று வந்த புதுமை இல்லை. வேலூர் சி.எம்.சி.யில் இன்னொரு நல்ல வழக்கமும் உண்டு: கற்பிப்பவர்களே வார்டுப் பொறுப்பையும் ஏற்கிறார்கள். காலையில் சொல்லிக்கொடுப்பதை அன்றே வார்டில் செய்தும் காட்ட வேண்டியிருக்கும். எல்லா நர்சிங் கல்லூரியிலும் இது கட்டாயமாக வேண்டும் என்று நினைக்கிறேன். டியூட்டர்கள் வாரத்தில் இரண்டு நாளாவது நோயாளிகளைப் பொறுப்பெடுத்துப் பார்க்கட்டும். அவர்களுக்கும் கை மறக்காது, மாணவிகளும் புத்தகத்தில் ஒன்று வார்டில் ஒன்று என்று குழம்ப மாட்டார்கள்.

நம்பிக்கை தரும் ஒரு பாதையும் இப்போது வந்திருக்கிறது. இந்திய நர்சிங் கவுன்சில் கொண்டுவந்த 'நர்ஸ் பிராக்டிஷனர் இன் கிரிட்டிக்கல் கேர்' படிப்பு. முதுநிலைப் பட்டம், இரண்டு வருடம். வகுப்பறையைவிட ஐ.சி.யூ.வில்தான் அதிக நேரம். பி.எஸ்.சி. அல்லது போஸ்ட் பேசிக் பி.எஸ்.சி. முடித்து, வார்டு அனுபவம் இருந்தால் சேரலாம். முடித்தவர் நோயாளியை விட்டுப் போக மாட்டார், இன்னும் அதிகப் பொறுப்போடு நோயாளியிடம் நிற்பார். பிரசவப் பராமரிப்புக்கும் இதேபோல் 18 மாதப் பயிற்சி வந்திருக்கிறது. இவர்களுக்கென்று மருத்துவமனைகளில் தனிப் பதவியும் அதற்குரிய சம்பளமும் உருவாக்குவது அரசின் கடமை. அது இல்லாமல் படிப்பை மட்டும் தொடங்கினால், இவர்களும் கடைசியில் வகுப்பறைக்குத்தான் போய்ச் சேருவார்கள். 1947-ன் நர்சிங் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாக 2023-ல் தேசிய செவிலியர் மற்றும் மகப்பேறு உதவியாளர் ஆணையச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. புதிய ஆணையம் எதைச் செய்கிறதோ இல்லையோ, இந்த ஏணியைப் போட்டுக் கொடுத்தால் போதும்.

விண்ணப்பம் போடப்போகிறவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். சேரப்போகும் கல்லூரி அங்கீகாரம் பெற்றதா, எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது என்பதைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்காதீர்கள், கவுன்சில் பட்டியலில் நீங்களே பாருங்கள். பழைய மருத்துவமனையில் உங்கள் ஒரிஜினல் சான்றிதழ்கள் இருந்தால், ராஜினாமா கொடுப்பதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். அனுபவச் சான்றிதழில் எந்த வார்டு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று தெளிவாக எழுதி வாங்குங்கள். பட்டம் முடிந்ததும் அதைக் கூடுதல் தகுதியாக மாநில கவுன்சிலில் பதிவு செய்யுங்கள், நிறையப் பேர் இதைத் தள்ளிப்போட்டு அவசரத்தில் அலைகிறார்கள். ரெக்கார்டு, கேர் பிளான், கேஸ் ஸ்டடி எல்லாம் அன்றன்றே எழுதிவிடுங்கள்.

எங்கள் ஐ.சி.யூ.விலிருந்து இந்த வருடம் ஒரு பெண் போஸ்ட் பேசிக்குக்கு விண்ணப்பித்திருக்கிறாள். வேலையை முழுதாக விட அவள் வீட்டில் வசதி இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் கல்லூரி விடுமுறை நாட்களும் மட்டும் பகல் டூட்டி கொடுங்கள், ராத்திரி வேண்டாம் என்று நிர்வாகத்திடம் நானும் இன்சார்ஜ் சிஸ்டரும் எழுதிக் கேட்டிருக்கிறோம். முடித்துவிட்டு இங்கேயே வந்தால் அவளுக்கு என்ன பதவி, என்ன சம்பளம் என்பதையும் இப்போதே எழுத்தில் கேட்டிருக்கிறோம். முதல் கேள்விக்குச் சரி என்று பதில் வந்துவிட்டது. இரண்டாவதற்கு இன்னும் வரவில்லை. அடுத்த வாரம் மறுபடி போய் உட்காரப் போகிறோம்.